மூலன் ரூஜை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் லாஸ் வேகாஸ் பயணக் கட்டுரையில், மறைந்துபோன கேசினோ ஹோட்டல்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். 1993-இல் வெடிவைத்துத் தகர்த்த டியூன்ஸ், 2007-இல் தகர்த்த ஸ்டார்டஸ்ட் எல்லாம் சரி. அதே ஊரில் இருந்த மூலன் ரூஜ் ஹோட்டலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அந்தப் பட்டியலில் முதலில் வர வேண்டிய பெயர் அது.

1950-களில் ஸ்ட்ரிப் எனப்படும் வேகாஸின் கேசினோ வீதி ஹோட்டல்களில் நாட் கிங் கோல் பாடலாம், சாமி டேவிஸ் ஜூனியர் ஆடலாம். ஆனால் கறுப்பினத்தவர் என்பதால் அங்கே தங்க முடியாது. நிகழ்ச்சி முடிந்ததும் கறுப்பினத்தவர் வாழ்ந்த வெஸ்ட்சைடு பகுதியில் ஏதாவது ஒரு வீட்டில் அறை தேடிப் போக வேண்டும். என்ன கொடுமை இது!

1955 மே 24 அன்று, பாரிஸின் புகழ்பெற்ற கேளிக்கை அரங்கின் பெயரோடும் பாணியோடும் மூலன் ரூஜ் திறந்தது. இன்னார்தான் வரலாம் என்ற பேச்சே அங்கே இல்லை. முதலாளிகளில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கும் சிறு பங்கு உண்டு, விருந்தினரை வரவேற்பதும் அவரே. அதன் கான்கான் நடனப் பெண்கள் ஜூன் மாதமே அமெரிக்காவின் லைஃப் இதழின் அட்டையில் வந்துவிட்டார்கள். ஸ்ட்ரிப்பில் வேலை முடித்த கலைஞர்கள் நேரே இங்கே வந்துவிடுவார்களாம். அவர்களுக்காகவே பின்னிரவு இரண்டரை மணிக்கு மூன்றாவது காட்சி!

இவ்வளவு இருந்தும் நவம்பரில் மூடிவிட்டார்கள், டிசம்பரில் திவால். கதை அதோடு முடியவில்லை. 1960-இல், பல் மருத்துவரும் உள்ளூர் உரிமைப் போராட்டத் தலைவருமான ஜேம்ஸ் மெக்மில்லன், ஸ்ட்ரிப் ஹோட்டல்கள் கறுப்பினத்தவரை அனுமதிக்காவிட்டால் பேரணி நடக்கும் என்று கெடு வைத்தார். மார்ச் 26 அன்று ஹோட்டல்காரர்கள் இறங்கிவந்தார்கள். அந்த உடன்பாடு எட்டப்பட்ட இடம் இதே மூலன் ரூஜ்தான்.

1992-இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். சேர்த்து என்ன பயன்? 2003-இல் யாரோ வைத்த தீயில் பெரும்பகுதி போனது, மிச்சத்தை 2010-இல் இடித்தார்கள். பெட்டி வில்லிஸ் வரைந்த பெயர்ப்பலகை மட்டும் தப்பி, அங்குள்ள நியான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேகாஸின் உலகப் புகழ்பெற்ற வரவேற்புப் பலகையும் அவர் கைவண்ணம்தான். அந்தப் படத்தைக் கட்டுரையில் பெரிதாகப் போட்டிருந்தீர்கள்.

அடுத்த இதழிலாவது மூலன் ரூஜுக்கும் மெக்மில்லனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– வாசகி, கும்பகோணம்