ஃபியூஸ் போனா பெரிய ஃபியூஸ் போடச் சொன்னீங்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கார் பராமரிப்பு பகுதியில ஒரு வரி போட்டிருந்தீங்க. எக்ஸ்ட்ரா லைட், ஆம்ப்ளிஃபயர்னு ஏதாவது மாட்டுன பிறகு ஃபியூஸ் அடிக்கடி போச்சுன்னா அடுத்த சைஸ் போட்டுக்கலாம், பத்து ஆம்பியர் இருந்த இடத்துல பதினஞ்சோ இருபதோ போட்டா தொல்லை தீந்துரும்னு. நான் செங்கோட்டையில கார் வயரிங் வேலை பாக்குறவன். அத படிச்சதுலருந்து மனசு ஆறல. மறுநாளே ஒரு கஸ்டமர் பேப்பர மடிச்சு கையில கொண்டுவந்து, "அண்ணாச்சி, பேப்பர்லயே போட்டிருக்கு, ஃபியூஸ மாத்துனா போதுமாம், நீங்க எதுக்கு வயர மாத்தணும் ரிலே வைக்கணும்னு காச சொல்லுதீய"ன்னு கேட்டார். பல வருஷமா எங்கிட்ட வண்டி விடுற மனுஷன் அவரு.

ஃபியூஸ் எதுக்கு இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்ல, விவரம் தெரிஞ்சவங்க நீங்க. அது லைட்ட காப்பாத்தவோ செட்ட காப்பாத்தவோ வச்சதில்ல, கரண்ட் கூடுனா தான் முதல்ல உருகி வயர காப்பாத்த வச்சது. பத்து ஆம்பியர் தாங்குற வயருக்கு சிவப்பு ஃபியூஸ் வச்சிருக்கான் கம்பெனிக்காரன். அத புடுங்கிட்டு மஞ்ச ஃபியூஸ் போட்டா, அதாவது இருபது, பதினெட்டு ஆம்பியர் போனாலும் ஃபியூஸ் அசையாது, வயர் தான் காயும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு ஆகும். அந்த வயர் தனியா கிடந்தாலும் பரவாயில்ல, டேஷ்போர்டுக்குள்ள இன்னும் நிறைய வயரோட சேத்து ஒரே கட்டா டேப் சுத்தி கிடக்கு, ஒண்ணு உருகுனா பக்கத்துல உள்ளதும் உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஃபியூஸ் போகுதுன்னா ஒண்ணு லோடு கூடிருக்கு, இல்லன்னா எங்கயோ வயர் உரசி வண்டியோட தகர பாடில தட்டி ஷார்ட் ஆகுது. அத தேடிக் கண்டுபிடிக்கணும்னு எழுதாம, பெருசா போட்டுக்கோன்னு எழுதலாமா?

லோடு எப்படி கூடுதுன்னும் சொல்லிடுதேன். ஹாலோஜன் ஹெட்லைட்னா கம்பெனி பல்பு பொதுவா 60/55 வாட், முதல் நம்பர் ஹை பீம், ரெண்டாவது லோ பீம். ஹை பீம் ரெண்டும் சேத்து 120 வாட், பன்னெண்டு வோல்ட்ல பத்து ஆம்பியர். நம்ம பசங்க வெளிச்சம் பத்தலன்னு 100/90 வாங்கி மாட்டுறாங்க, ஹை பீம் 200 வாட், பதினேழு ஆம்பியருக்கு பக்கத்துல போயிரும். அதே வயர், அதே சுவிட்ச், அதே பல்பு ஹோல்டர். கேரளாவுக்குப் போற வழியில புளியரை எஸ் வளைவு தாண்டி ஆரியங்காவு வரைக்கும் மலைப்பாதையில ராத்திரி ஹை பீம் போட்டே போறவங்க எங்க ஊர் பக்கம் நிறைய. ஹோல்டர் கருகி, சுவிட்ச் உள்ள இளகிப்போய் எத்தனை வண்டி வந்திருக்குன்னு எண்ணி வைக்கல. இதுக்குன்னு தான் ரிலே இருக்கு, சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச் அது. பேட்டரிலருந்து தனியா ரெண்டரை ஸ்கொயர் மில்லிமீட்டர் வயர் இழுத்து, பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் வச்சு, ரிலேல முப்பதாம் நம்பர் பின்ல குடுத்து, எண்பத்தேழுலருந்து லைட்டுக்கு எடுக்கணும். பழைய சுவிட்ச் வயர் எண்பத்தாறுல வந்து ரிலேய இழுத்தா போதும், எண்பத்தஞ்சு எர்த். சுவிட்சுக்கு லோடே வராது. பிளாஸ்டிக் ஹோல்டரும் கூடுன வாட்டுக்கு தாங்காது, அதையும் செராமிக்குக்கு மாத்தணும். இந்த வேலைக்கு தான் அந்த கஸ்டமர்ட்ட காசு கேட்டேன்.

பேட்டரி பக்கத்துலன்னு ஏன் அழுத்திச் சொல்லுதேன்னா, போன ஐயப்பன் சீசன்ல நடந்தது. வெளியூர் கார் ஒண்ணு புளியரை செக்போஸ்ட் தாண்டுறதுக்கு முன்னாடியே டேஷ்போர்டுக்கு கீழருந்து புகை கக்கிட்டு ஓரத்துல நின்னுது. உள்ள மாலை போட்ட சாமிங்க, சின்னப்புள்ள ஒண்ணு. நான் அந்த வழியா வேலைக்குப் போய்ட்டிருந்தவன், பானட்ட திறந்து முதல்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினல கழட்டிவிட்டேன், அதுக்கப்புறம் தான் புகை அடங்குச்சு. பாத்தா ஆம்ப்ளிஃபயர் வயரு. ஃபியூஸ் இருக்கத்தான் செய்யுது, எங்கன்னா பின் சீட்டுக்கு அடில ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல! எஞ்சின் ரூம்லருந்து உள்ள வர்ற தகரத்துல டிரில் போட்டு, ஓட்டை விளிம்புல மாட்டுற ரப்பர் வளையம், குரோமெட்டுன்னு சொல்லுவோம், அத வைக்காம வெறும் ஓட்டைக்குள்ள வயர நுழைச்சிருக்கான். மலைப்பாதை குலுக்கல்ல தகர விளிம்பு பிளாஸ்டிக்க அறுத்து, தாமிரம் பாடில தட்டிருச்சு. தட்டுன இடத்துக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல, பின் சீட்டு ஃபியூஸுக்கு அந்த கரண்ட் போய்ச் சேரவே இல்ல, அது நல்லாத்தான் இருந்துச்சு. ஸ்டார்டர் மோட்டாரையே சுத்த வைக்கிற பேட்டரி அது, ஷார்ட் ஆனா நூத்துக்கணக்கான ஆம்பியர தள்ளும், வயர் ஹீட்டர் காயில் மாதிரி செவந்துரும். பேட்டரிலருந்து ஒரு ஜாணுக்குள்ள ஒரு ஃபியூஸும், அந்த ஓட்டைல ஒரு ரப்பரும் இருந்திருந்தா சாமிங்க பேசாம மலைக்குப் போய்ச் சேந்திருப்பாங்க. அந்த ரப்பர் என்ன விலைன்னு எந்த ஸ்பேர் கடையில கேட்டாலும் சொல்லுவாங்க.

மூணாம் நாள் உங்க பேப்பர்ல நாலு வரி வந்துச்சு, காரில் திடீர் புகை, மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது, பக்தர்கள் உயிர் தப்பினர்னு. எந்த கார் எரிஞ்சாலும் இந்த நாலு வரி தானே ஐயா. எந்த வயரு, யாரு போட்டது, ஃபியூஸ் எங்க இருந்துச்சு, ஒரு நிருபராவது ஒரு மெக்கானிக்க கேட்டிருப்பாரா? செங்கோட்டை 1956-ல தமிழ்நாட்டோட சேந்துச்சு, ஆனா உங்களுக்கு எங்க பக்கம்னா குற்றாலத்துல சாரல், அருவில தண்ணி, இத விட்டா செய்தியே கிடையாது. ஹெட்லைட் கண்ணு கூசுறத பத்தி முன்ன ஒரு கடிதம் எழுதினேன், அது வரல. சரி, இடம் இல்லன்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா அதே வாரம் முழுப்பக்கத்துக்கு கார் டெக்கரேஷன் கடை விளம்பரத்துக்கு இடம் இருந்துச்சு.

2023 பிப்ரவரியில கேரளாவுல கண்ணூர்ல ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கார் தீப்பிடிச்சு, முன் சீட்ல இருந்த கர்ப்பிணிப் பொண்ணும் அவ புருஷனும் வெளிய வர முடியாம போய்ட்டாங்க, பின்னாடி இருந்தவங்க மட்டும் தப்பிச்சாங்க. அதோட காரணம் பத்தி நான் பேச வரல. ஆனா அதுக்கப்புறம் கேரளாவுல புனலூர், தென்மலை பக்கத்துலருந்து எங்கிட்ட வந்தவங்க, சேட்டா ரிவர்ஸ் கேமரா வயர் எங்க தட்டிருக்குன்னு பாருங்கன்னு அவங்களாவே கேட்டாங்க. நம்ம பக்கத்துல ஒருத்தரும் கேக்கல. கேக்க வைக்கிற மாதிரி நீங்க ஒண்ணும் எழுதலயே.

இன்னொண்ணும் இருக்கு. ரோட்ட படம் புடிக்கிற டேஷ்கேம் கேமரா மாட்டுறேன்னு கண்ட வயர தோலு சீவி முறுக்கி, மேல இன்சுலேஷன் டேப் ஒட்டிட்டுப் போறானுங்க. வெயில்ல நிக்கிற கார்ல அந்த டேப் பசை உருகி ஒரு கோடைக்கே அவுந்துரும். ஃபியூஸ் பாக்ஸ்லயே சொருகி தனி லைன் எடுக்குற ஃபியூஸ் டாப்னு ஒரு கனெக்டர் கடையில கிடைக்கு, அதுல கேமராவுக்குன்னு சின்ன ஃபியூஸ் தனியா போட்டுக்கலாம். முன் கண்ணாடி ஓரத்து தூண்ல கர்ட்டன் ஏர்பேக் இருக்குற வண்டின்னா அதுக்கு முன்னாடி குறுக்க வயர் விடக்கூடாது, மஞ்ச கலர் கனெக்டர்ல கையே வைக்கக்கூடாது, அது ஏர்பேக் லைன். இதெல்லாம் உங்க பகுதியில ஒரு தடவயாவது வந்திருக்கா? சீட் கவர் கலர் பத்தி வந்துச்சு, பாத்தேன்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை அதே பக்கத்துல, அதே இடத்துல, அதே எழுத்து சைஸ்ல ஒரு திருத்தம் போடுங்க. கம்பெனி போட்ட ஃபியூஸ விட பெருசு போடாதீங்க, எக்ஸ்ட்ரா சாமானுக்கு தனி வயர் தனி ஃபியூஸ் பேட்டரி பக்கத்துல வைங்க, மாத்தின ஃபியூஸும் போச்சுன்னா ஓட்டாம வயர பாருங்க. மூணு வரி தான். ஆறாம் பக்கத்து மூலையில பொடி எழுத்துல போட்டுராதீங்க, அந்த கஸ்டமர் கண்ணுல படணும்.

கடிதம் நீளமா போச்சு, வெட்டித்தான் போடுவீங்கன்னு தெரியும். குற்றாலத்தையும் விளம்பரத்தையும் பத்தி எழுதினத வெட்டிக்கோங்க, ஃபியூஸ் பத்தினதுல கை வச்சிராதீங்க.

இப்படிக்கு,
கார் வயரிங் தொழிலாளி, செங்கோட்டை