நரக பயம் ஒழுக்கம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவனுக்கு ஒழுக்கம் இருக்காது, தண்டனை பயம்தான் மனிதனைக் கட்டுப்படுத்துகிறது என்று வாசகர் பகுதியில் அடிக்கடி யாராவது எழுதுகிறார்கள். நான் கிறிஸ்தவன், ஜெபிக்கிறவன். ஆனாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் சுவிசேஷமே இதற்கு எதிராகத்தான் பேசுகிறது.

லூக்கா 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசு சொன்ன கதையில், கள்ளர் அடித்துப் போட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு விலகிப் போனவர்கள் ஆசாரியனும் லேவியனும், அதாவது ஆலய ஊழியம் செய்கிறவர்கள். நின்றவன் சமாரியன், யூதர்கள் பார்வையில் அவனுடைய வழிபாடே தவறு. அவன்தான் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, பணமும் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றும் சொல்லிப் போகிறான். இந்த மூவரில் எவன் அவனுக்குப் பிறனாய், அதாவது அயலானாய் இருந்தான் என்றுதான் இயேசு கேட்கிறார். யாருடைய கொள்கை சரி என்று கேட்கவே இல்லை.

மத்தேயு 25 இன்னும் கூர்மையானது. நியாயத்தீர்ப்பில், நீங்கள் எனக்கே சோறு போட்டீர்கள் என்று இயேசு சொல்லும்போது, பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள், ஆண்டவரே, உம்மை எப்போது பசியோடு கண்டோம் என்று திகைக்கிறார்கள். பரலோகத்தை எண்ணிச் செய்திருந்தால் கணக்கு வைத்திருக்க மாட்டார்களா? அதே அதிகாரத்தில் நித்திய அக்கினியும் இருக்கிறதே என்பீர்கள். சரி, இருக்கிறது. அங்கே போகிறவர்களும் அவரை 'ஆண்டவரே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நரகத்துக்குப் பயந்து திருடாமல் இருக்கிறவன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறான், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் இன்னும் அவன் கண்ணில் படவில்லை. பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று யோவானின் முதல் நிருபம் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அன்பு செய் என்று ஒருவருக்குக் கட்டளையிட முடியுமா? உணர்ச்சியாக வரும் அன்பைக் கட்டளையிட முடியாது, வேதம் கேட்பது செயலில் காட்டும் அன்பை என்று 1785இல் ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் விளக்கினார். பாதி சரி என்று எனக்குப் படுகிறது. கடமைக்காக மட்டும் வந்து எட்டிப் பார்க்கிறவரை நோயாளி உடனே கண்டுகொள்வார். சமாரியன் முதலில் மனதுருகினான், அப்புறம்தான் கை வேலை செய்தது.

பயத்தை எடுத்துவிட்டால் அன்பு இளகிப்போய் எல்லாவற்றையும் மன்னித்துவிடும் என்ற கவலையும் பலருக்கு உண்டு. அதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. அடிபட்டவளிடமே போய், மன்னித்துவிடு, அதுதான் கிறிஸ்தவ அன்பு என்று புத்தி சொல்கிறார்களே, அது கொடுமை. உன் சகோதரன் குற்றம் செய்தால் கடிந்துகொள், அவன் மனம் வருந்தித் திரும்பினால் மன்னி என்பதுதான் லூக்கா 17இல் உள்ள வரிசை. மனந்திரும்புதல் இல்லாமல் மன்னிப்பைப் பிரசங்கிப்பதை மலிவான கிருபை என்று கண்டித்தார் ஜெர்மானியப் போதகர் டீட்ரிச் போன்ஹோஃபர். நாஜிகளை எதிர்த்து 1945இல் தூக்கில் உயிர்விட்டவர் அவர். லூக்கா 19இல் வரும் வரி வசூலிப்பவனான சகேயுவும் வாயால் வருத்தம் சொல்லி நிறுத்தவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். மன்னிப்பைப் பற்றிப் பேசுகிற போதகர்கள் முதலில் அடித்தவனிடம் போய் இந்தப் பகுதியை வாசித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்