இரண்டு இணைப்பு வைத்திருப்பவர்கள் ஐபிவி6-ஐக் கொஞ்சம் பாருங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். நேற்று கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். ஃபைபர் ஒன்று, அது போனால் கைகொடுக்க 4ஜி ரவுட்டர் ஒன்று. ஃபைபர் நன்றாக ஓடும்போதே சில தளங்கள் மட்டும் இழுத்தன. பார்த்தால், ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) ஃபைபரில் போகிறது; ஐபிவி6 (புதிய முறை) மட்டும் 4ஜி வழியாக!

காரணம் இதுதான். ஐபிவி6-இல் டீஃபால்ட் ரூட்டை (வெளியே போகும் பொது வழி), அதாவது ::/0-ஐ, டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும் சேவை) தராது. ரவுட்டர்தான் "என் வழியாகப் போ" என்று அறிவிக்கும்; இந்த அறிவிப்புக்குப் பெயர் ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட், சுருக்கமாக ஆர்ஏ. ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் இரண்டு ரவுட்டர் சமமாகக் கூவினால், கணினி எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. அந்த அறிவிப்பில் உள்ள முன்னுரிமையை (ரவுட்டர் பிரிஃபரன்ஸ்) ஃபைபருக்கு ஹை, 4ஜிக்கு லோ என வைக்கலாம். ஆனால் கணினியில் ஃபைபர், 4ஜி இரண்டு கம்பெனியும் தந்த ஐபிவி6 முகவரிகள் இருக்கும். 4ஜி முகவரியோடு ஃபைபரில் போகும் பாக்கெட் (தரவுத் துண்டு), அது ஃபைபர் கம்பெனியின் முகவரி அல்ல என்பதால், பெரும்பாலும் வழியிலேயே கைவிடப்படும். அதனால் சின்னக் கடைக்கு, 4ஜி ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துவிடுவதே நல்லது. அவசரத்துக்கு ஐபிவி4 போதும்.

அப்புறம், லினக்ஸ் பெட்டியையே ரவுட்டராக வைத்திருக்கும் தருமபுரி நண்பர்களுக்கு: ஃபார்வர்டிங் (மற்ற கணினிகளின் பாக்கெட்டைக் கடத்திவிடும் வசதி) போட்டதும் அது இணையக் கம்பெனி பக்கமிருந்து வரும் ஆர்ஏ அறிவிப்பை ஏற்காது. அந்தப் பக்க இணைப்புக்கு அக்செப்ட் ஆர்ஏ (accept_ra) என்ற லினக்ஸ் அமைப்பின் மதிப்பை 2 ஆக்குங்கள். சிக்கினால் இங்கேயே கேளுங்கள், இரவு 9-க்கு மேல் இருப்பேன்.