பெத்தாவின் ஒரு பரல் மழைத்தண்ணிக்கு

துணிகள் காய்ந்துவிட்டன. கடைசித் துண்டையும் மடிக்காமல், பழைய வெள்ளைச் சீலையோடு சேர்த்துக் குழாயில் சுருட்டி வைத்தாயிற்று. வெள்ளத்தில் எங்கள் இயற்கைச் சாய ஒட்டுத்தையல் துணிகள் நனைந்து சேறாகின. வெள்ளம் எப்படி வந்தது என்று மட்டக்களப்பாருக்குச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளத்துக்குள்ளால் பெட்டிகளைத் தோளில் சுமந்த தம்பிமார், விறாந்தையை விட்டுத்தந்த வீட்டார், "காசைப் பிறகு பாப்பம்" என்று ஒட்டுத்தையலுக்குப் புதிதாய் அடித்துணி வெட்டித் தந்த மருதமுனை நெசவாளர்கள், எல்லாருக்கும் எங்கள் நன்றி.

ஆனால் எங்கள் வேலை கெடாமல் தப்பியது பக்கத்து வளவுப் பெத்தாவால் (பாட்டியால்). சேறு காய்ந்தால் நூலுக்குள் இறுகிவிடும், ஈரத்தோடேயே அலச வேண்டும். அந்த அவசரத்தில் கிணற்றில் வாளியை இறக்கிவிட்டோம். வேலிக்கு மேலால் பெத்தா கேட்டார்:

"அந்தத் தண்ணியில பிளேன்டீ ஊத்தினாலே கறுத்துப்போகும். அதுலயா புள்ளையள் இதக் கழுவப்போறீங்க?"

சாயவேலைக்காரருக்கு அது போதும். தேத்தண்ணியைக் கறுக்க வைப்பது தண்ணீரில் உள்ள இரும்பு. எங்கள் துணியில் சாயம் பிடிக்கக் கிலோவுக்கு 200 கிராம் கடுக்காய்த்தூளும் 150 கிராம் படிகாரமும் ஏறியிருக்கிறது. மண்ணிறமெல்லாம் களப்போரக் கண்டல் மரத்தின் பட்டையில் எடுத்தது. தேயிலையில் உள்ளது போன்ற துவர்ப்புத்தான் கடுக்காயிலும் கண்டல் பட்டையிலும். இரும்பு பட்டால் கடுக்காயின் மஞ்சள் சாம்பல் நிறமாகும், மண்ணிறம் கறுக்கும். தேசிப்புளி விட்டால் கறை போகும், சாயமும் கூடவே போகும். அவுரி நீலம் மட்டும் அசையாது.

அதற்குள் ஒரு துண்டு கிணற்றுத் தண்ணீரில் நனைந்துவிட்டது. அதில் தைத்திருந்த வெண்மார்பு மீன்கொத்தியின் மண்ணிறத் தலை கன்னங்கறேலென்று ஆகிவிட்டது. இறகு நீலம் அப்படியே. பறவை பார்ப்பவர்கள் கருந்தலை மீன்கொத்தி என்று எடுத்துக்கொள்ளட்டும். அதை நாங்கள் திருத்தப்போவதில்லை.

பெத்தாவின் குசினிப் பக்கம் கூரைத்தண்ணீர் பிடித்து மூடி வைத்த 200 லீற்றர் பரல் ஒன்று. ஊர்க்கிணறெல்லாம் கலங்கிக் கிடந்த நேரம் அவருக்குக் குடிக்க இருந்தது அதுதான். கிலோவுக்கு 20 லீற்றர் கணக்கில் மூன்று கிலோ துணிக்கு ஓர் அலசலுக்கு 60, மூன்று அலசல். "எடுங்க" என்று மூடியைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒட்டுத்தையல் துண்டுகளைக் கொடியில் போட்டால் பாரத்தில் தொய்யும், அதில் தைத்த கண்டல் காய் உருவமெல்லாம் வளைந்துவிடும். அதனால் விறாந்தையில் பாய் விரித்து, மேலே துவாய் போட்டு, தையல் முகம் கீழே இருக்க நிழலில் பரப்பினோம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவேயில்லை. ஈரச்சாயம் பக்கத்துத் துணிக்கு ஏறும்.

இனித் தகரப்பெட்டியில் துணி வைக்கமாட்டோம், துருவும் இரும்புதான். எந்தத் தண்ணீரானாலும் முதலில் ஒரு கிளாசில் எடுத்துத் தேயிலைச் சாயம் ஊற்றிப் பார்த்துவிட்டே துணியை நனைப்போம்.

பெத்தா, நீங்கள் இன்னும் போத்தல் தண்ணியில் தேத்தண்ணி வைப்பது தெரியும். அடுத்த மழை கூரையைக் கழுவிக்கொண்டு போகட்டும். அதற்கடுத்த மழையில் உங்கள் பரலை நிரப்ப வருகிறோம்.