இன்று கடலில் எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்துக்கு நீங்கள் புதிது. ஒக்கி புயல் பற்றிய கோப்புகளைப் படித்திருப்பீர்கள். வாழையும் ரப்பரும் சாய்ந்தது, நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தது எல்லாம் அதில் இருக்கும். நான் கடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2017 நவம்பர் 29 அன்று, கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. மறுநாள் காலையிலேயே தாழ்வு மண்டலம் புயலாகிவிட்டது. அந்த எச்சரிக்கை கரையில் நின்றவனுக்கு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்கள் சூரையும் சுறாவும் தேடிப் பல நூறு கிலோமீட்டர் போய், வாரக்கணக்கில் கடலிலேயே தங்குபவர்கள். பலர் முன்பே போய்விட்டார்கள். படகில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. போய்விட்டவனுக்கு யார் சொல்வது?

அடுத்தது எண்ணிக்கை. இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். எத்தனை பேர் கடலில் என்று அரசு ஒரு எண் சொன்னது, மீனவர் அமைப்புகள் வேறு எண் சொன்னன. கடைசியில் ஊர்த் தேவாலயங்களான பங்குக் கோயில்களில் உட்கார்ந்து, வீடு வீடாகக் கேட்டுத்தான் பட்டியல் எழுதினார்கள். கொச்சியிலிருந்து தொழிலுக்குப் போன படகில் இருந்தவனை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பது? எத்தனை பேரைத் தேடுகிறோம் என்றே தெரியாதபோது, எத்தனை கப்பல் வேண்டும், எதுவரை தேட வேண்டும் என்று எதை வைத்து முடிவெடுப்பது? "தேடும் கப்பலில் எங்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள், படகு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும் என்று காட்டுகிறோம்" என்று மீனவர்கள் கரையில் நின்று கெஞ்சினார்கள். உயிர் தப்பியவர்கள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கரையேறினார்கள் என்பதைப் பார்த்தால், அந்தக் கெஞ்சலின் நியாயம் புரியும்.

டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்ததும் இந்த ஒரு கேள்வியோடுதான்: எங்கள் ஆள் எங்கே?

காணாமல்போனவரை இறந்தவராகக் கொள்ள, சட்டப்படி 7 ஆண்டு ஆக வேண்டும். பிறகு அரசு அதைத் தளர்த்தி 20 லட்ச ரூபாய் கொடுத்தது, அதை மறக்கவில்லை. ஆனால் அதுவரை, காணாமல்போனவர்களின் மனைவிமார் படிவங்களில் கணவர் பெயருக்கு முன்னால் என்ன எழுதுவார்கள்?

இப்போது செயற்கைக்கோள் வழியே செய்தி தரும் டிரான்ஸ்பாண்டர் வந்திருக்கிறது. நல்லது, வேண்டியதுதான். அதைப் படகில் பொருத்தியாயிற்று என்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு நாள் நள்ளிரவில் யாரிடமும் சொல்லாமல் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், திரையைப் பார்க்க ஆள் இருக்கிறதா என்று பாருங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒருமுறை எங்கள் கரைக்கு வாருங்கள். அன்று பட்டியல் எழுதியவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். எப்படி எழுதினார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். அதேபோல ஒரு பட்டியல் தினமும் உங்கள் மேசைக்கு வரட்டும்: இன்று கடலில் எத்தனை படகு, எத்தனை பேர், யார் யார்.

இப்படிக்கு,
கடற்கரைக்காரன் ஒருவன்