நீலகிரியில் மீன்தொட்டி விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி கடைக்கார அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே சீகை மரம் ஒன்று கம்பிமேல் சாய்ந்தது. 1932லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மலைதான். அதற்காக மரம் விழாமல் இருக்குமா? இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று படுத்துவிட்டேன். விடிகாலையில் டார்ச் அடித்துப் பார்த்தால், ஏஞ்சல் மீன்கள் நான்கும் தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக் காற்றுக்குத் தவிக்கின்றன. இரண்டுதான் பிழைத்தன.

தப்பு என்னுடையதும்தான். ஹீட்டரையும் ஏர் பம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தேன். பம்ப் 4 வாட், ஹீட்டர் 100 வாட். பழைய பேட்டரியை ஹீட்டர் குடித்துத் தீர்த்தது, கூடவே பம்பும் நின்றது. தொட்டி வாங்கும்போதே கேட்டேன், கரண்ட் போனால் என்ன செய்வது என்று. “வீட்ல இன்வெர்ட்டர் இருக்குல்ல, அப்புறம் என்ன?” என்றார் கடைக்காரர்.

நாமெல்லாம் குளிருக்குத்தான் பயப்படுகிறோம். தொட்டித் தண்ணீர் மெதுவாகத்தான் குளிரும், கம்பளி சுற்றினால் இன்னும் தாங்கும். மூச்சு அப்படியில்லை, அதிலும் மீன் நெருக்கியடிக்கும் தொட்டியில். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரையும், சரி. ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான். கரையும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். ஹீட்டர் போட்டு 26 டிகிரியில் வைத்த தொட்டிக்குக் குளிர்ந்த நீரின் லாபமும் கிடையாது.

அதனால் தொட்டி விற்கும்போது பேட்டரி ஏர் பம்ப் ஒன்றையும் எடுத்துக் காட்டுங்கள். பவர் பேங்கில் ஓடும் 2 வாட் பம்ப் என்றால் 10,000 எம்ஏஎச் ஒரு ராத்திரியைத் தாண்டும். சில பவர் பேங்குகள் இத்தனை சின்ன லோடுக்குத் தானே அணைந்துவிடும், கடையிலேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துக் கொடுங்கள். இன்வெர்ட்டரில் ஹீட்டரை மாட்டாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல்முதலாக வளர்ப்பவருக்கு கோல்ட்ஃபிஷ் கொடுங்கள். ஹீட்டரே வேண்டாம், காற்றுதான் நிறையக் கேட்கும். ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே தண்ணீர் கெட்டிருக்கும், கழுவிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும் என்பதையும் ஒரு வார்த்தை.

அப்புறம் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது டியூபில் மாட்டினால் தண்ணீரைத் திரும்பி வரவிடாத சின்ன வால்வு. பம்பைத் தொட்டிக்குக் கீழே வைக்கிற வீடுகள்தான் அதிகம். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியே இறங்கி பம்புக்குள் போய்விடும். டீயும் வர்க்கியும் சாப்பிடுகிற காசுதான் அந்த வால்வு. போன தடவை உங்களில் மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் இல்லை என்றீர்கள். சனிக்கிழமை மறுபடி வருகிறேன், இரண்டு எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோத்தகிரி வாடிக்கையாளர்