தொடக்கப் பள்ளி அறிவியல் தேர்வில் செய்து காட்டுவதற்கும் மதிப்பெண் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளி மாணவர்களின் கற்றல் அடைவு குறித்துத் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் செய்திகளையும் அவற்றுக்கு வரும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்களா, கழித்தல் கணக்குப் போடுகிறார்களா என்பதெல்லாம் விரிவாகப் பேசப்படுகிறது. அவர்களுடைய அறிவியல் அறிவைப் பற்றிய பேச்சு மட்டும் அபூர்வமாகவே எழுகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டப் பகுதியில் தமிழ் வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தப் பேச்சைத் தொடங்கி வைக்க இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அறிவியல் பேசப்படாததற்குப் பத்திரிகைகளைக் குறைசொல்ல முடியாது; அளவீடுகளே அப்படித்தான் அமைந்துள்ளன. 2005 முதல் பிரதம் என்னும் தொண்டு அமைப்பின் துணையோடு நடைபெற்று வரும், பிள்ளைகளின் கல்வி நிலை குறித்த அசர் ஆய்வு முதன்மையாக வாசிப்பையும் எண்கணிதத்தையும் அளக்கிறது. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளுக்கு மொழி, கணக்கு ஆகியவற்றோடு சூழ்நிலையியலும் இடம்பெற்றிருந்தது. அதன் தொடர்ச்சியாக 2024 டிசம்பர் 4 அன்று பரக் என்னும் தேசிய மதிப்பீட்டு மையம் நடத்திய ஆய்விலோ மூன்றாம் வகுப்புக்கு மொழியும் கணக்கும் மட்டுமே எஞ்சின. நம்மைச் சுற்றியுள்ள உலகத்தைப் பற்றிய கேள்விகள் ஆறாம் வகுப்பில்தான் கேட்கப்பட்டன. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றையே முன்னிறுத்தியது. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு வேறு எதுவும் எட்டாது என்பதால் இந்த முன்னுரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் மேலதிகாரி எதைப் பற்றிக் கேட்கிறாரோ அதற்கே பாடவேளை கிடைக்கும் என்பதும், கேட்கப்படாத பாடம் வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குத் தள்ளப்படும் என்பதும் பள்ளிக்கூடத்துக்குள் இருந்தவர்கள் அனைவரும் அறிந்ததே. இங்கிலாந்தில் 11 வயதுப் பிள்ளைகள் அனைவரும் எழுதி வந்த தேசிய அறிவியல் தேர்வு 2009ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டு, பிறகு மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பிள்ளைகளிடம் மட்டும் நடத்தப்பட்டது. அதன் பின்னர் தொடக்கப் பள்ளிகளில் அறிவியலுக்கு ஒதுக்கும் நேரம் குறைந்துவருகிறது என்ற கவலை அங்கேயும் எழுந்தது.

ஆகவே தொடக்கப் பள்ளியில் அறிவியல் அறிவைச் சோதிக்கத்தான் வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவன் நான். எப்படிச் சோதிப்பது என்பதில்தான் எனக்கு மாறுபாடு.

கேரளத்தில் நான்காம் வகுப்பு வரை சூழ்நிலையியலாகவும், ஐந்தாம் வகுப்பிலிருந்து அடிப்படை அறிவியலாகவும் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது. பாடநூல்கள் செயல்பாடுகளை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை எழுதியவர்களைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, ஆண்டுப் பரீட்சை என்று வரும்போது, செய்து பார்த்ததும் ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறது. சரியானதைத் தேர்ந்தெடு, பொருத்துக, கோடிட்ட இடத்தை நிரப்புக என்னும் கேள்விகளுக்குச் செயல்பாட்டைச் செய்யாத பிள்ளையும் முந்தைய இரவு மனப்பாடம் செய்துவிட்டு விடை எழுதலாம்.

தண்ணீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். 100 என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூணாறில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. காற்றழுத்தம் இங்கே குறைவாக இருப்பதால் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் பருப்பு வேக இவ்வளவு நேரமா என்று வியப்பது இதனால்தான். பள்ளி அறிவியல் பெட்டியில் இருந்த வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கச் சொன்னபோது, பாதரசம் 95க்கு அருகே நின்றுவிட்டது. இன்னும் விறகு வைத்தால் ஏறும் என்று ஒரு சிறுவன் அடுப்பை மூட்டிக்கொண்டே இருந்தான், அது ஏறவில்லை. வெப்பமானி பழுது என்று வகுப்பே ஒரு குரலாகச் சொன்னது. கண்முன்னே இருக்கும் கருவியை நம்பாமல் புத்தகத்து எண்ணை நம்பும் பழக்கத்தை, நாம் நடத்தும் தேர்வுகளே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. தேர்வுத் தாளில் 95 என்று எழுதும் பிள்ளைக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும் என்பதைத் தாள் திருத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜனவரி மாதத்தில் கன்னிமலை, செண்டுவாரை போன்ற இடங்களில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போவதை எங்கள் பிள்ளைகள் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்றே பார்க்கிறார்கள். அந்தப் பனி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மழையைப் போல வானத்திலிருந்து விழுந்தது என்றே பெரும்பாலோர் சொல்வார்கள். நிழல் மரத்தடியில் உள்ள செடிகளில் பனி இல்லையே என்று கேட்டால், மரம் குடை பிடித்துவிட்டது என்பார்கள். இந்த விடை தவறுதான். தெளிந்த, காற்று அசையாத இரவில் இலைகள் தம் வெப்பத்தை வானை நோக்கி இழந்து காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகின்றன. காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவி அந்த இலைகளின் மேல் நேரடியாகப் பனித்துகளாகப் படிகிறது. மேலே கிளைகள் மூடியிருக்கும் இடத்தில் இலைகள் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. ஆனால் குடை என்று சொன்ன பிள்ளை மரத்தடியில் பனி இல்லை என்பதைக் கவனித்திருக்கிறது, அதற்கு ஒரு காரணமும் தேடியிருக்கிறது. வேலிக் கம்பியின் அடிப்பக்கத்தில்கூடப் பனி ஒட்டியிருப்பதை அதே பிள்ளைக்குக் காட்டி, மேலிருந்து விழுந்தது அடியில் எப்படி ஒட்டும் என்று கேட்டால், அது தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளத் தொடங்கும். சரி, தவறு என்ற இரண்டே குறிகளைக் கொண்ட விடைத்தாளில் இந்தப் பிள்ளையும், ஒன்றையுமே கவனிக்காமல் ஏதோ ஒரு கட்டத்தில் குறியிட்ட பிள்ளையும் ஒரே பூஜ்யத்தைத்தான் பெறுவார்கள்.

கவனித்ததற்குத் தனியாகவும், காரணம் சொன்னதற்குத் தனியாகவும் மதிப்பெண் கொடுப்பது நடைமுறையில் கூடிய காரியமே. பனிக்கட்டி போட்ட ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சள்தூளைக் கலந்து பிள்ளையின் முன் வைக்கலாம். சிறிது நேரத்தில் டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பும். இது எங்கிருந்து வந்தது, உன் விடை சரிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டு, கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுக்க வேண்டும். உள்ளே இருந்து கசிந்தது என்று நினைக்கும் பிள்ளை துணியால் துடைத்துப் பார்த்து, மஞ்சள் நிறம் ஒட்டவில்லை என்பதைக் கண்டால் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ளும். துளிகளைக் கவனித்ததற்கு ஒரு மதிப்பெண், துணியால் துடைத்துச் சோதித்ததற்கு ஒன்று, நிறமில்லை என்பதிலிருந்து இது உள்ளிருந்த தண்ணீர் அன்று என்று முடிவுக்கு வந்ததற்கு ஒன்று, காற்றிலுள்ள நீராவி என்று சொன்னால் மேலும் ஒன்று. நான்காம் வகுப்புக்கு இது போதும். மஞ்சள்தூளுக்கும் துணிக்கும் தனியாக நிதி ஒதுக்கீடு தேவைப்படாது.

இத்தகைய சோதனையில் பிள்ளை வாயால் விடை சொல்லவும் இடம் தர வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வில் நாம் அறிவியலை அளப்பதாக நினைத்துக்கொண்டு, வாசிக்கும் வேகத்தையும் கையெழுத்தையும் அளந்துவிடுகிறோம். ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இன்று மூணாறுப் பகுதி வகுப்பறைகளில் நம் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கிறார்கள். தமிழில் நான்கு வரி எழுதத் திணறும் அந்தப் பிள்ளைக்கு டம்ளரைத் துடைத்துக் காட்டத் தெரியும். முளைவிட்ட பயறில் வேர் எது, தண்டு எது என்று விரலால் தொட்டுக் காட்டத் தெரியும். அது தெரிந்தும் அதற்கு அறிவியல் தெரியாது என்று பதிவேட்டில் எழுதுவது அநீதி.

இது புதிய யோசனையும் அன்று. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்துத் தேர்வு எழுதினார்கள். செய்முறைத் தேர்வும் அதன் பகுதியாக இருந்தது. கிராமத்து அரசுப் பள்ளிகளில் 30 ஆண்டுகள் நடத்த முடிந்ததை நாம் முடியாது என்று சொல்வதற்கில்லை. உலக நாடுகள் பல பங்கேற்கும் டிம்ஸ் ஆய்விலும் நான்காம் வகுப்பு அறிவியல் மதிப்பீட்டில் அறிந்ததைச் சொல்வதற்கு 40 விழுக்காடும், பயன்படுத்துவதற்கு 40 விழுக்காடும், காரணம் ஆராய்வதற்கு 20 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. நம் மாநிலத்திலேயே சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் நடத்தும் விஞ்ஞானோத்சவம் என்ற அறிவியல் விழா பிள்ளைகளைச் செய்து பார்க்க வைக்கிறது. ஆனால் அங்கே போவது ஆர்வமுள்ள சிலரே. வகுப்பில் இருக்கும் அத்தனை பேரும் உட்காரும் பள்ளித் தேர்வில் இது வர வேண்டும் என்பதே என் விருப்பம்.

ஆசிரியர்களுக்குச் சுமை கூடும் என்ற மறுப்பில் உண்மை உண்டு. இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாக அழைத்துக் கேட்பது எளிதன்று. தேர்வு வாரத்துக்குள் இதை அடைக்காமல், பருவத்தில் ஏதேனும் பத்து நாள்களில் நாளுக்குச் சிலராக முடித்துக்கொள்ள ஆசிரியருக்கு அனுமதி அளித்தால் இந்தச் சிரமம் பெருமளவு குறையும். ஆசிரியர்கள் மனம்போல மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்ற ஐயத்துக்கு, மேலே சொன்னதுபோல எதற்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதும், அக்கம்பக்கத்துப் பள்ளிகள் கூடும் கிளஸ்டர் கூட்டத்தில் ஆசிரியர்கள் நான்கைந்து பிள்ளைகளின் விடைகளை ஒன்றாக அமர்ந்து மதிப்பிட்டுப் பழகுவதும் போதிய பரிகாரம். நான்காம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்குப் பிள்ளைகளை வினா விடைத் தொகுப்புகளால் தயார்ப்படுத்தும் போக்கு வளர்ந்துவரும் இக்காலத்தில், இந்த மதிப்பெண்களைப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்த மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. அப்படிச் செய்தால் டம்ளரும் துணியும்கூட மனப்பாடப் பொருள்களாகிவிடும்.

பொதுக்கல்வித் துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை இதுதான். மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை, ஒவ்வொரு பருவத் தேர்விலும் சூழ்நிலையியலுக்கும் அடிப்படை அறிவியலுக்கும் உரிய மதிப்பெண்களில் நான்கில் ஒரு பங்கைச் செய்து காட்டி வாய்மொழியாக விடை சொல்வதற்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பகுதிக்கான செயல்பாடுகளை மாநிலம் முழுவதற்கும் ஒன்றாக அனுப்பாமல், தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களுக்கும் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்துக்கும் அங்கங்கே பணியாற்றும் தமிழ் வழி ஆசிரியர்களே வடிவமைக்க வழிசெய்ய வேண்டும். உறைபனியைக் கொண்டு தேவிகுளத்தில் கேட்கக்கூடிய கேள்வியைச் சித்தூரில் கேட்க முடியாது. அங்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றைக் கொண்டு கேட்க வேண்டும். வரும் கல்வியாண்டில் எல்லாப் பள்ளிகளிலும் தொடங்க இயலாவிட்டால், விருப்பம் தெரிவிக்கும் பள்ளிகளிலாவது ஓணப் பரீட்சையிலிருந்து இதைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் உதவிக்கு வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர்,
தேவிகுளம் வட்டம், இடுக்கி மாவட்டம்.